இன்னும் பிறக்காதவர்களின் நலனில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கழிக்கலாம்?

கேள்வி – மதிப்பீட்டுப் பிரிவு

பொதுப்பணித் திட்டங்களின் செலவு-பயன் அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. பாலம், மதகு, கடலரிப்புத் தடுப்புச் சுவர் என்று எது வந்தாலும் அறிக்கையின் எலும்புக்கூடு ஒன்றுதான்: செலவு ஒரு பக்கம், பயன் ஒரு பக்கம், இரண்டையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு தள்ளுபடி விகிதம், அதாவது பின்னால் வரும் தொகையில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கழிப்பது என்ற எண். விரிதாளில் அது ஒரே ஒரு கட்டம். தடித்த அறிக்கையில் அதற்கான விளக்கம் "நடைமுறையில் உள்ள வழிகாட்டுதலின்படி" என்பதோடு முடிந்துவிடும்.

அந்தக் கட்டத்தின் அதிகாரம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சுவருக்கு இரண்டு வடிவமைப்புகள். முதலாவதற்கு 100 அலகு செலவு. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை இடித்துக் கட்ட வேண்டும். இரண்டாவதற்கு 130, 120 ஆண்டுகள் நிற்கும். விகிதம் 3 சதவீதம் என்றால் முதல் சுவரின் மொத்தச் செலவு இன்றைய மதிப்பில் 140 ஆகிறது, எனவே உறுதியான சுவர் வெல்கிறது. 8 சதவீதம் என்றால் அதே முதல் சுவருக்கு 105கூட ஆகாது. மட்டமான சுவரே சிக்கனம் என்று அறிக்கை சொல்லும். சிமெண்டும் கடலும் மாறவில்லை. பேரப்பிள்ளைகள் நம் கணக்கில் எவ்வளவு பெறுவார்கள் என்பது மட்டும் மாறியது.

சுவரோடு போனால் பரவாயில்லை. 2006-இல் பிரிட்டிஷ் அரசுக்காகப் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் எழுதிய பருவநிலை அறிக்கையில் மொத்த விகிதம் ஏறத்தாழ 1.4. அவரோடு மோதிய அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹவுஸின் கணக்கில் நான்கு, ஐந்து என்ற அளவில் இருந்தது. நூறு ஆண்டு கழித்து வரும் 100 அலகு சேதம், 1.4-இல் இன்றைக்கு 25. நான்கில் வெறும் 2. உடனே, கடுமையாகச் செயல்படு என்று ஒருவரும், மெல்லத் தொடங்கு என்று மற்றவரும் சொன்னதற்கு அறிவியலில் இருந்த வேறுபாடு பெரிய காரணம் இல்லை. இந்த எண்தான் காரணம். அமெரிக்காவில் 2017-இல் பதவியேற்ற நிர்வாகம் ஒரு டன் கரியமில வாயுவின் சேதத்தை 1 முதல் 7 டாலர் வரை என்று மதிப்பிட்டது. 2023-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 190 டாலர் என்றது. உள்நாட்டுச் சேதத்தை மட்டும் எண்ணுவதா, உலகச் சேதத்தையும் எண்ணுவதா என்பதும் அந்த இடைவெளியில் அடக்கம். ஆனால் விகிதத்தின் பங்கு மிகப் பெரியது.

என் கேள்வி இதுதான். ஒரு மனிதர் பின்னால் பிறக்கிறார் என்பதற்காகவே அவர் நலனைக் குறைத்து எண்ணலாமா என்பது அறநூல் கேள்வி. அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் விடை எழுதிக் கையொப்பமிடுகிறேன். இந்த எண்ணை நிர்ணயிக்க வேண்டியவர் யார்? சந்தை வட்டியா, வாக்காளரா, மெய்யியலாளரா?

பதில் 1 – வளைகோடு

நண்பரே, ஒரே கட்டத்தில் இரண்டு வேறு சரக்குகள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் பேசினால் விவாதம் ஊர் போய்ச் சேராது.

முதலாவது, காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கழிப்பது. இரண்டாவது, வருங்காலத்தவர் நம்மைவிடச் செல்வராக இருப்பார்கள், எனவே அவர்களுக்கு ஓர் அலகு கூடுதலாகக் கிடைப்பதன் பயன் குறைவு என்பதற்காகக் கழிப்பது. பிரிட்டிஷ் கருவூலத்தின் வழிகாட்டி 2003-இல் இதை வெளிப்படையாகவே பிரித்துக் காட்டியது: முதல் வகைக்கு 1.5, வளர்ச்சிக்கு 2, ஆக 3.5. ஸ்டெர்ன் முதல் வகைக்கு 0.1 மட்டுமே வைத்தார், நார்ட்ஹவுஸ் 1.5.

முதல் வகையை நானும் ஏற்கவில்லை. 1928-இல் சேமிப்புக் கோட்பாட்டை எழுதிய ஃபிராங்க் ராம்சே, அது அறத்தின்படி நிற்காதது, கற்பனைக் குறைவிலிருந்து பிறப்பது என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். (இதே ராம்சே 1925-இல் நண்பர்கள் கூட்டமொன்றில், உலகம் குளிர்ந்து எல்லாம் மடியும் நாள் வெகு தொலைவில் இருக்கிறது, கூட்டு வட்டியில் கழித்தால் அதன் இன்றைய மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று பேசியிருக்கிறார். 26 வயதில் மறைந்த மனிதர். இரண்டையும் சொல்லும் துணிச்சல் அவருக்கு இருந்தது.)

ஆனால் பூஜ்யத்துக்கும் ஒரு விலை உண்டு. ஸ்டெர்னின் எண்களை எளிய மாதிரி ஒன்றில் போட்டுப் பார்த்த பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா, வருமானத்தில் 97.5 சதவீதத்தை இன்றைய தலைமுறை சேமிக்க வேண்டும் என்று விடை வருவதைக் காட்டினார். அதாவது, பிறக்காத செல்வருக்காக இன்றைய ஏழை பட்டினி கிடக்க வேண்டும். இதை எந்த மெய்யியலாளர் நியாயப்படுத்துவார்?

இன்னொன்று: ஸ்டெர்னின் அந்த 0.1 பொறுமையின்மைக்கானது அல்ல, மனித இனம் அழிந்துபோகும் வாய்ப்புக்கானது. ஆண்டுக்கு 0.1 என்றால் நூறு ஆண்டில் அழியும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. நாகரிகம் பிழைக்குமா என்ற ஆரூடத்தையும் சேர்த்துத்தான் உங்கள் கட்டம் சுமக்கிறது. பருவநிலையைப் பற்றிய சண்டையில் இதைப் பலர் கவனிக்காதது எனக்கு வியப்பு.

பதில் 2 – வழக்குரை

ஐயா, பொருளியலாளர்கள் தங்களுக்குள் சண்டையிட்டு முடிக்கட்டும். சட்டத்தில் இது பழைய கேள்வி.

1789-இல் தாமஸ் ஜெஃபர்சன் மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமி உயிரோடிருப்பவர்களுக்கு உரியது, இறந்தவர்களுக்கு அதன்மேல் உரிமை இல்லை என்றார். ஆயுள் அட்டவணையைப் பார்த்து 19 ஆண்டு என்று கணக்கிட்டு, எந்தச் சட்டமும் எந்தக் கடனும் அதற்குமேல் செல்லக்கூடாது என்று வாதிட்டார். அவர் தடுக்க நினைத்தது முன்னோரின் கொடுங்கோன்மையை. ஆனால் அதே வாதம் நம் பக்கம் திரும்புகிறது, ஏனெனில் அடுத்தவர்களுக்கு நாமே முன்னோர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், ஒவ்வொரு தலைமுறையும் தனி தேசத்தைப் போன்றது, அடுத்ததைக் கட்டுப்படுத்த அதற்கு உரிமை இல்லை என்ற ஜெஃபர்சனின் கருத்தை மேற்கோள் காட்டினார். அரசியலமைப்பை எழுதி முடித்தவர்களின் சபையில் இதைச் சொல்வது சின்ன விஷயம் அல்ல. திருத்துவதற்கான வழி எளிமையாக வைக்கப்பட்டதற்கு அவர் இதைத்தான் நியாயமாகக் காட்டினார்.

விகிதமே இல்லாமல் இதைத் தீர்த்த தீர்ப்பு ஒன்றும் உண்டு. 2021 மார்ச் 24 அன்று ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், அந்நாட்டுப் பருவநிலைச் சட்டத்தின் ஒரு பகுதி அடிப்படை உரிமைகளோடு பொருந்தவில்லை என்றது. சட்டம் 2030 வரை மட்டுமே இலக்குகளை வரையறுத்திருந்தது. நாடு இனி வெளியிடக்கூடிய கரியமில வாயுவின் அளவை அதற்குள் பெருமளவு செலவழித்துவிட்டு, எஞ்சிய கடும் கட்டுப்பாட்டை 2030-க்குப் பின் வாழ்பவர்கள் தலையில் கட்டுவது அவர்களின் சுதந்திரத்தைப் பறிப்பது என்பது நீதிமன்றத்தின் வாதம். வெளியீட்டைக் குறைக்கும் 2030 இலக்கை அரசு 55-இலிருந்து 65 சதவீதமாக உயர்த்தியது, நிகர வெளியீடு பூஜ்யமாக வேண்டிய 2050 என்ற இறுதி ஆண்டை 2045 ஆக முன்னிழுத்தது. நலனைக் கழித்துக்கொண்டே போகலாம், சுதந்திரத்தை அப்படிக் கழிக்க முடியாது. உங்கள் கேள்விக்கு என் விடை: எல்லையை அரசியலமைப்பு வகுக்கட்டும்; அந்த எல்லைக்குள் நீங்கள் எந்த விகிதத்தை வேண்டுமானாலும் போடுங்கள்.

பதில் 3 – நிகழ்காலம்

நூறு ஆண்டுக்குப் பின் வருபவர்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறீர்கள். இன்று வெள்ளத்தில் வீடு போகிறவரின் நலன் உங்கள் அறிக்கையில் எப்படி எண்ணப்படுகிறது? சேதத்தைச் சொத்து மதிப்பால் அளந்தால் குடிசை எப்போதும் தோற்கும். அந்தக் கழிவுக்குக் காலம்கூடத் தேவைப்படவில்லை. வருங்காலம் என்ற சொல் கேட்டாலே எனக்கு ஐயம் வருகிறது. அதன் பெயரால் தியாகம் செய்யச் சொல்லப்படுபவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்.

பதில் 4 – மெய்யியல் வகுப்பு

"நிகழ்காலம்" சொல்வதை எளிதில் ஒதுக்காதீர்கள். வளைகோடு சொன்ன இரண்டாவது வகைக் கழிவை இடத்துக்கும் பயன்படுத்தலாம்: ஏழைக்குக் கிடைக்கும் ஓர் அலகு செல்வருக்குக் கிடைப்பதைவிடக் கனமானது என்றால், இன்றைய ஏழைக்கும் அந்தக் கூடுதல் எடையைக் கொடுத்தாக வேண்டும். அதே பிரிட்டிஷ் வழிகாட்டி அதற்கு இடம் தருகிறது. பெரும்பாலானோர் காலத்துக்கு மட்டும் அதைக் கையாண்டு, மனிதர்களுக்கு இடையே கையாள மறுப்பது நேர்மை அல்ல.

முதல் வகைக் கழிவைப் பற்றி என் மாணவர்களுக்குத் தரும் கணக்கு ஒன்று. ஆண்டுக்கு 5 சதவீதம் கழித்தால், ஏறத்தாழ 425 ஆண்டில் எடை நூறு கோடியில் ஒரு பங்காகிவிடும். அதாவது இன்று ஓர் உயிர், அன்றைய நூறு கோடி உயிருக்குச் சமம். வகுப்பில் இதைக் கேட்டு ஒருவரும் தலையசைத்ததில்லை. பிரிட்டிஷ் மெய்யியலாளர் டெரக் பார்ஃபிட் 1984-இல் இவ்வகை வாதத்தால் காலக் கழிவைச் சிதைத்தார். ஆனால் அவரே இன்னும் பெரிய முடிச்சையும் போட்டார். இன்று நாம் எடுக்கும் பெரிய முடிவு யார் யாரைச் சந்திப்பார்கள், எப்போது குழந்தை பிறக்கும் என்பதையெல்லாம் மாற்றும். எனவே கெட்ட கொள்கையால் நூறு ஆண்டுக்குப் பின் அவதிப்படுபவர், நல்ல கொள்கை இருந்திருந்தால் பிறந்தே இருக்க மாட்டார். அவருக்கு நாம் தீங்கு செய்தோம் என்று எப்படிச் சொல்வது?

இது வெறும் மூளை விளையாட்டு அல்ல. வழக்குரை சொன்ன ஜெர்மன் வழக்கைப் பாருங்கள். வழக்குத் தொடுத்த இளைஞர்கள் ஏற்கெனவே பிறந்தவர்கள். 2050-இல் உயிரோடு இருப்பார்கள். 2150-இல் வாழ்பவருக்காக வாதியாக நிற்க ஆள் இல்லை. சட்டம் ஓர் ஆயுள் தொலைவு வரை கை நீட்டும். அதற்கு அப்பால், தீங்குற்ற ஒருவரைத் தேடாத அறம் வேண்டும். மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979-இல் அப்படி ஒன்றை முயன்றார்: மனித வாழ்வு இப்பூமியில் நீடிப்பதோடு ஒத்துப்போகும்படி செயல்படு என்பது கட்டளை, யார் பிறப்பார் என்பது பொருட்டல்ல. அவர் வாதத்தை மதிக்கிறேன். மக்களாட்சியால் இது முடியுமா என்று அவர் காட்டிய தயக்கம்தான் எனக்கு உவப்பில்லை. வருங்காலத்துக்காகப் பேசும் உரிமை தனக்கே என்று சொல்லிக்கொள்பவரை யார் கேள்வி கேட்பது?

கேள்வி கேட்டவர் – மதிப்பீட்டுப் பிரிவு

அனைவருக்கும் நன்றி. "நிகழ்காலம்" எழுப்பியது என்னைத் தைத்தது. எங்கள் அறிக்கைகளில் சேதம் சொத்து மதிப்பில்தான் அளக்கப்படுகிறது. வழக்குரை அவர்களே, எல்லையை அரசியலமைப்பு வகுத்தாலும் சுவரின் உயரத்தை அது சொல்லாது, நான் ஏதோ ஓர் எண்ணைப் போட்டாக வேண்டும். வளைகோடு அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சில நாடுகள் 30 ஆண்டுக்குப் பின் விகிதத்தைக் குறைத்துக்கொண்டே போகின்றனவே, அதற்கு அடிப்படை அறமா, கணக்கா?

வளைகோடு

கணக்கு. பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1998-இல் காட்டியது. சரியான விகிதம் 1 சதவீதமா 7 சதவீதமா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வையுங்கள். சராசரி 4 என்று எடுக்கத் தோன்றும். ஆனால் சராசரி எடுக்க வேண்டியது விகிதத்தை அல்ல, கழித்தபின் வரும் எடையை. நூறு ஆண்டுக்குப் பின் 1 சதவீதத்தில் எடை 0.37, 7-இல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சராசரி 0.185. அதற்கு ஈடான விகிதம் 1.7தான். இருநூறு ஆண்டில் 1.35 ஆகிவிடும். எவ்வளவு தொலைவு பார்க்கிறோமோ அவ்வளவுக்குத் தாழ்ந்த விகிதமே ஆட்சி செய்யும். பிரிட்டிஷ் அட்டவணை 3.5-இல் தொடங்கி 300 ஆண்டுக்கு அப்பால் 1-இல் முடிவது இந்த வழியில்தான். அறத்தில் உடன்படாதவர்களும் இதில் உடன்படலாம். ஆனால் உங்கள் சுவருக்கு இது பெரிதாக உதவாது; 40-ஆம் ஆண்டுச் செலவில் முதல் முப்பது ஆண்டுகளின் விகிதமே பெரும்பங்கு வகிக்கும், அதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டையிடுகிறோம்.

மதிப்பீட்டுப் பிரிவு

அப்படியானால் அடுத்த அறிக்கையில் 3, 5, 8 என்று மூன்று விகிதங்களிலும் முடிவைத் தனித்தனியாகப் போட்டு, எந்த எண்ணில் எந்தச் சுவர் வெல்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லப்போகிறேன். சேதத்தை வருமானத்துக்கு ஏற்ப எடையிட்டு ஒரு பத்தியும் சேர்க்க வேண்டும். அந்த எடையை வெள்ளத் தடுப்புத் திட்டத்தில் உண்மையிலேயே பயன்படுத்திப் பார்த்தவர் யாராவது இங்கே இருந்தால், தரவு எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.