சூடான் 1 சாயம்: உருகுநிலை 117இல் தொடங்கி 126 வரை இழுக்கிறது, எங்கே தப்பு?

பென்சீன்வளையம்:
எம்.எஸ்சி. ஆர்கானிக் பிராக்டிகலில் அனிலினை டையசோ ஆக்கி (அதாவது நைட்ரஸ் அமிலத்தால் எளிதில் வினைபுரியும் உப்பாக மாற்றி), பீட்டா நாஃப்தாலோடு சேர்த்துச் சாயம் செய்தோம். சூடான் 1 என்பார்களே, அதுதான். நிறம் அருமையாக வந்தது, கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் மறுபடிகமாக்கியும் ஆயிற்று, பளபளவென்று ஊசி ஊசியாக இருக்கிறது. ஆனால் உருகுநிலை பார்த்தால் 117 டிகிரியிலேயே சுருங்க ஆரம்பித்து 126 வரை இழுக்கிறது. புத்தகத்தில் 131 போட்டிருக்கிறது. போதாததற்கு எப்போது உருகுகிறது என்றே சரியாகத் தெரியவில்லை, பொடியும் சிவப்பு, உருகினாலும் சிவப்பு. தீலே குழாய் (எண்ணெய் ஊற்றிச் சூடாக்கும் கண்ணாடிக் குழாய்), அதில் திரவ பாரஃபின் எண்ணெய், சாதாரண பாதரசத் தெர்மாமீட்டர்தான். பீட்டா நாஃப்தால் மிச்சம் இருக்குமோ? அதன் உருகுநிலை 122, அதனால்தான் பயம். வியாழக்கிழமை ரெக்கார்டு வைக்கணும், யாராவது சொல்லுங்களேன்.

லேப்கோட்:
பர்னரை வைத்துவிட்டு எவ்வளவு வேகமாக ஏற்றினீர்கள்? முதல் தடவை சும்மா விறுவிறுவென்று ஏற்றித் தோராயமாக எங்கே உருகுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எண்ணெயை ஆறவிட்டு, புதுக் கேப்பிலரி (பொடி நிரப்பும் மெல்லிய கண்ணாடிக் குழாய்) போட்டு, எதிர்பார்க்கும் உருகுநிலைக்குப் பத்துப் பதினைந்து டிகிரி கீழே வந்ததும் நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளணும். ஒரு தடவை உருகிய கேப்பிலரியையே ஆறவைத்துத் திரும்பப் போடாதீர்கள்.

பழையகெமிஸ்ட்:
தங்கச்சி, 122 என்று பார்த்துவிட்டு பீட்டா நாஃப்தால் மேல் பழி போடாதே. அது கலந்திருந்தால் கலவை 122இல் உருகும் என்று அர்த்தம் இல்லை, இரண்டின் உருகுநிலைக்கும் கீழேயே தொடங்கி அகலமாக இழுக்கும். அதே மாதிரிதான் எந்த அழுக்கு இருந்தாலும் இழுக்கும், கரைப்பான் மிச்சம் இருந்தாலும் இழுக்கும். ஆகவே வெறும் உருகுநிலை எண்ணை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. டி.எல்.சி. (தட்டில் புள்ளி வைத்து, கரைப்பானை ஏறவிட்டுப் பொருள்களைப் பிரிக்கும் சோதனை) போடு, பக்கத்தில் பீட்டா நாஃப்தாலையும் ஒரு புள்ளி வை. டொலுவீனில் ஓட்டினால் சாயம் மேலே ஓடிவிடும், நாஃப்தால் கீழே தங்கும். அதற்கு நிறம் கிடையாது, யு.வி. விளக்கிலோ அயோடின் ஜாடியிலோ பார்க்கணும்.

நாஃப்தால் இருந்தால் கவலையில்லை, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவினால் கரைந்து போய்விடும். சாயம் போகாது, நீ நாஃப்தாலைக் கரைத்துவைத்த காரக் கரைசலில்தானே அது வீழ்படிவாக விழுந்தது.

எனக்கு அசிட்டிக் அமிலம் மேல்தான் சந்தேகம். கொதிநிலை 118 டிகிரி, ஃபில்டர் பேப்பரில் வைத்து ஒரு ராத்திரி மின்விசிறிக்கடியில் விட்டால் முழுசாகப் போகாது. படிகத்தை முகர்ந்து பார்க்காதே (இது புற்றுநோய் சந்தேகப் பட்டியலில் உள்ள சாயம், மிளகாய்த்தூளில் கலந்ததற்காக 2003இல் ஐரோப்பாவில் பெரிய ரகளையே நடந்தது, கையுறை போட்டுத்தான் தொடணும்). கொஞ்சம் குளிர்ந்த எத்தனாலில் கழுவி உறிஞ்சி வடித்து, டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய ஜாடியில்) நன்றாகக் காயவை.

கேப்பிலரிமூடி:
சிவப்புப் பொடி உருகுவது தெரியவில்லை என்பதற்கு என் வழி: பொடியை நைசாக அரைத்து 2, 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், கேப்பிலரியை நீளமான கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு மேசையில் தட்டித் தட்டி இறுக்குங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். பின்னால் வெளிச்சம் வைத்தால் முதலில் ஓரம் ஈரமாக மின்னும், அங்கேதான் தொடக்கம். கடைசியில் மேல்பக்கம் குழிந்த வளைவாக மாறும், அங்கே முடிவு. சுருங்கிக் குழாய்ச் சுவரை விட்டு விலகுவதை உருகலாக எழுதக் கூடாது; 117 அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் தெர்மாமீட்டரையும் சோதியுங்கள். யூரியா 133இல் உருகும், உங்கள் சாயத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வசதி.

பென்சீன்வளையம்:
எல்லாருக்கும் நன்றி, முடிவு வந்துவிட்டது. டி.எல்.சி.யில் ஒரே புள்ளி, நாஃப்தால் இல்லை. எத்தனாலில் கழுவிக் காயவைத்து மெதுவாக ஏற்றினால் 128.5இல் ஓரம் மின்னியது, 130இல் முழுசாக உருகியது. யூரியா எங்கள் தெர்மாமீட்டரில் 131.5 காட்டுகிறது, அதாவது 1.5 குறைவாகக் காட்டுகிறது. அப்படியானால் 130 முதல் 131.5 என்று எழுதலாமா?

பழையகெமிஸ்ட்:
தாராளமாக. ஆனால் பார்த்த அளவையும் எழுது, யூரியாவை வைத்துத் திருத்திய அளவையும் எழுது. திருத்தியதை மட்டும் எழுதினால் வைவாவில் மடக்குவார்கள்.

புதுப்பையன்:
அண்ணா, எங்களுக்கு அடுத்த வாரம் மெத்தில் ஆரஞ்சு. அதற்கும் இப்படியேதானா?

பழையகெமிஸ்ட்:
வேண்டாம் தம்பி. அது சல்போனிக் அமிலத்தின் சோடியம் உப்பு, 300 டிகிரி தாண்டியும் ஒழுங்காக உருகாது, சிதைந்து கருகும். துணிக்குப் போடும் பெரும்பாலான கரையும் சாயங்களின் கதையும் இதேதான். மெத்தில் ஆரஞ்சுக்கு பி.எச். 3.1க்கும் 4.4க்கும் இடையில் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறுகிறதா என்று பார், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் கிடைத்தால் உறிஞ்சு உச்சத்தையும் (எந்த அலைநீள ஒளியை அதிகம் உறிஞ்சுகிறது என்பதை) எடுத்துக்கொள்.