பெரிய கண்ணாடி முப்பட்டகம் எங்கே கிடைக்கும்?

கதிர்வீச்சு:
பள்ளிக் கண்காட்சியில் நிறப்பிரிகை (வெள்ளை ஒளி நிறங்களாகப் பிரிவது) காட்ட வேண்டும். ஆய்வகத்தில் இருப்பது 38 மி.மீ. முப்பட்டகம். ஒரு மீட்டர் தள்ளி வைத்த திரையில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் நிறம் விழுகிறது, பின்வரிசைக்குத் தெரியாது. பக்கம் 15 செ.மீ. இருக்கிற கண்ணாடி முப்பட்டகம் எங்காவது கிடைக்குமா? கூடம் 9 மீட்டர் நீளம், காலையில் ஜன்னல் வழியே நேர் வெயில் வரும். ஆக்ரிலிக்கில் வாங்கினால் வேலைக்கு ஆகுமா?

நிறமாலை:
அந்த அளவில் கெட்டிக் கண்ணாடி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் 15 செ.மீ. பக்கம், 15 செ.மீ. நீளம் என்றால் மூன்றரை கிலோவுக்கு மேல் எடை வரும். அவ்வளவு பெரிய கட்டியை மிக மெதுவாகக் குளிரவைக்காவிட்டால் உள்ளே வரிவரியாக நெளிவு நின்றுவிடும், நிறம் கலங்கும். விலையைச் சொல்லவே வேண்டாம்.

அதைவிட முக்கியமானது, முப்பட்டகம் பெரிதானால் நிறப்பட்டை அகலமாகாது. நிறங்கள் விரியும் கோணத்தைக் கண்ணாடியின் வகையும் முனைக்கோணமும்தான் முடிவு செய்கின்றன. பள்ளி முப்பட்டகங்களில் பெரும்பாலும் இருக்கும் கிரௌன் கண்ணாடியில் (பிகே7, சீனத் தயாரிப்பில் கே9) 60° கோணத்துக்கு ஊதா முதல் சிவப்பு வரை சுமார் 1.5° விரிவு. ஒரு மீட்டரில் அது மூன்று செ.மீ.கூட இல்லை, நீங்கள் பார்த்ததும் அதுதான். அதே முப்பட்டகத்தை வைத்துக்கொண்டு திரையை 8 மீட்டருக்குத் தள்ளினால் 22 செ.மீ. ஃப்ளின்ட் கண்ணாடி (எஃப்2) என்றால் விரிவு 3.8°, அதே 8 மீட்டரில் அரை மீட்டரைத் தாண்டும்.

1672இல் நியூட்டன் எழுதிய கடிதத்தில் இருக்கும் அளவுகளைப் பாருங்கள். கால் அங்குலத் துளை, 22 அடி தூரத்தில் சுவர், விழுந்த நிறமாலை 13¼ அங்குல நீளம், 2⅝ அங்குல அகலம். கால் அங்குலக் கதிருக்குப் பெரிய முப்பட்டகம் எதற்கு?

ஆனால் ஒரு அளவு உதவும்: நீளம். நீளமான முப்பட்டகத்தை நிமிர்த்தி வைத்தால் பட்டையின் உயரம் கூடும், மொத்த ஒளியும் கூடும். புகைப்படக்காரர்களுக்கென்று 3 செ.மீ. பக்கம், 15 செ.மீ. நீளத்தில் விற்கும் கே9 முப்பட்டகம் உங்களுக்குப் போதும். ஆய்வகச் சாமான் கடைகளில் 50 மி.மீ. வரை சாதாரணமாகக் கிடைக்கும். ஃப்ளின்ட் வேண்டுமென்றால், கடையில் இல்லாவிட்டால், ஆய்வகச் சாமான் செய்யும் ஹரியானாவின் அம்பாலா தயாரிப்பாளர்களிடம் வரவழைக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது ஒரு முகத்தின் வழியே ஜன்னல் கம்பியைப் பாருங்கள். ஓரத்தில் நிறம் தெரியும், அது சரி. கம்பி நெளிந்தால் வேண்டாம். ஃப்ளின்ட் என்று கொடுத்தால் எடையைப் பார்த்து நம்பாதீர்கள், ஈயம் சேர்க்காத புது வகைகள் கிரௌன் போலவே லேசாக இருக்கும். கதிர் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்துவிடுங்கள். சிறும திசைமாற்றம் (முப்பட்டகத்தைச் சுற்றும்போது கதிர் திரும்பும் மிகக் குறைந்த கோணம்) கிரௌனுக்கு 39°க்குப் பக்கம், எஃப்2வுக்கு 48°.

ஆக்ரிலிக்கின் நிறப்பிரிகை கிரௌனுக்குக் குறைந்ததல்ல. கோளாறு பரப்பில்தான். மெருகு சமமாக இருக்காது, துணியால் துடைத்தாலே கீறும்.

பட்டறைக்காரன்:
சார், பெருசா கண்ணுக்குத் தெரியணும், பிள்ளைங்க சுத்தி நின்னு பாக்கணும்னா தண்ணி முப்பட்டகம் பண்ணிடுங்க. 4 மி.மீ. ஜன்னல் கண்ணாடி, 15×20 செ.மீ. அளவுல மூணு துண்டு. அடிக்கு முக்கோணமா வெட்டச் சொல்லி அவதிப்பட வேண்டாம், 20×20 சதுரத் துண்டு போட்டு மேல நிக்க வைங்க. மூணையும் 60°ல டேப் ஒட்டி நிறுத்தி, உள்பக்க மூலையில மீன்தொட்டி சிலிக்கான் போடுங்க. ரெண்டு நாள் காயணும். அவசரப்பட்டு மறுநாளே ஊத்தினா அடி மூலையிலதான் முதல்ல கசியும். கிட்டத்தட்ட ரெண்டு லிட்டர் பிடிக்கும்.

காய்ச்சி ஆறவைச்ச தண்ணி ஊத்துங்க. குழாய்த் தண்ணி அப்படியே ஊத்தினா அரை மணியில உள்பக்கம் பூரா குமிழி ஒட்டிக்கும். விரிவு கிரௌனைவிடக் குறைச்சல், சுமார் 1° தான், அதனால சுவர் தூரமா இருக்கணும். விரிவைக் கூட்டணும்னு சர்க்கரைப் பாகு ஊத்துறவங்க உண்டு. சரியாக் கலக்கலைன்னா அடர்த்தி மாறி மாறி நின்னு பட்டை அலை அலையா ஆடும், எறும்பு வேற வரும். பழைய புத்தகங்கள்ல கார்பன் டைசல்பைடுன்னு போட்டிருக்கும். விஷம், சட்டுனு தீப்பிடிக்கும். அந்தப் பக்கமே போகாதீங்க.

நிறமாலை:
தண்ணீர் யோசனை நல்லதுதான், ஆனால் கண்ணாடி, தண்ணீர் இரண்டு முப்பட்டகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலம். 8 மீட்டரில் ஒவ்வொரு நிறமும் 7 செ.மீ.க்கு மேல் பூசிக்கொண்டுதான் விழும். தண்ணீர் முப்பட்டகத்தின் முழு விரிவே 14 செ.மீ. என்பதால் பச்சை வெளிறிப்போகும். ஒளி நுழையும் பிளவைக் குறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது, வெளிச்சம்தான் குறையும்.

லென்ஸ் வைத்தால் தீரும். மூக்குக் கண்ணாடிக் கடையில் வெட்டாத +1 பவர் லென்ஸ் கேளுங்கள், குவியத் தூரம் ஒரு மீட்டர். கறுப்பு அட்டையில் 3 மி.மீ. பிளவு, அதிலிருந்து 1.14 மீட்டரில் லென்ஸ், லென்ஸை ஒட்டி முப்பட்டகம். முதலில் முப்பட்டகம் இல்லாமல் பிளவின் பிம்பத்தை 8 மீட்டரில் கூர்மையாக்குங்கள், பிறகு முப்பட்டகத்தை வையுங்கள். அது கதிரைத் திருப்பிவிடும், அதனால் திரையையும் அந்தப் பக்கம் 8 மீட்டரிலேயே மாற்றி வைக்க வேண்டும். பூச்சு 7 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ.க்கு இறங்கும். பிளவிலிருந்து வரும் கதிர் லென்ஸை அடையும்போது ஒன்றரை செ.மீ.கூட இருக்காது, உங்கள் 38 மி.மீ. முப்பட்டகமே தாங்கும்.

கோணம் பிடிக்க முப்பட்டகத்தை மெதுவாகச் சுற்றுங்கள். பட்டை ஒரு பக்கம் நகர்ந்து, நின்று, திரும்பி வரும். திரும்புகிற இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் அகலம் வேண்டுமானால் திரையைச் சாய்த்து வையுங்கள். ஒளி திரைப் பரப்போடு 30° கோணத்தில் விழுந்தால் பட்டை இரட்டிப்பாக நீளும், பிரகாசம் பாதியாகும்.

கதிர்வீச்சு:
இருப்பதே போதும் என்பது எதிர்பார்க்காத பதில், நன்றி. இரண்டு சந்தேகம். வெயிலைக் கண்ணாடியால் திருப்பிவிட்டால் நிலையாக நிற்குமா? மேகமூட்டமாக இருந்தால் எல்இடி டார்ச் போதுமா? பழைய பைனாகுலரிலிருந்து எடுத்த முப்பட்டகம் ஒன்றும் இருக்கிறது.

பட்டறைக்காரன்:
நிக்காது சார். சூரியன் நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி நகரும், 8 மீட்டர்ல அது 14 செ.மீ. கண்ணாடிப் பக்கத்துல ஒரு பையனை உட்காரவெச்சு, ஒளி பிளவைவிட்டு விலகாம அப்பப்போ திருப்பச் சொல்லுங்க. முப்பட்டகம் வழியா சூரியனைப் பாக்கக் கூடாதுன்னு அவன்கிட்ட முதல்லயே கண்டிப்பா சொல்லிடுங்க.

நிறமாலை:
வெள்ளை எல்இடியில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒளி குறைவு, அங்கே ஒரு மங்கல் பள்ளம் விழும். ஹாலஜன் விளக்கு மேல். பள்ளியில் பழைய விளக்கு வகை புரொஜெக்டர் இருந்தால் இன்னும் சுலபம்: கறுப்புப் பின்னணியில் செங்குத்தாக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட ஸ்லைடைச் சுவரில் கூர்மையாக்கிவிட்டு, புரொஜெக்டர் லென்ஸை ஒட்டி முப்பட்டகத்தை வையுங்கள். பிளவும் வேண்டாம், +1 லென்ஸும் வேண்டாம். எல்இடி, லேசர் வகை புரொஜெக்டரில் மட்டும் முயல வேண்டாம், சிவப்பு பச்சை நீலம் தனித்தனித் திட்டாக விழும்.

பைனாகுலர் முப்பட்டகம் 45-90-45. 90° முனையின் ஒரு பக்கம் ஒளியை விட்டு மறுபக்கம் எடுக்கப் பார்த்தால் முழு அக எதிரொளிப்பு ஆகிவிடும், அதாவது ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடும், மறுபக்கம் நேராக வராது. 45° முனையைப் பயன்படுத்துங்கள், சிறிய முகத்தில் விட்டு அகலமான முகத்தில் எடுங்கள். 60° முப்பட்டகத்தில் கிடைக்கும் விரிவில் சுமார் 60 சதவீதம் வரும்.