நிச்சயம் முறிந்துவிட்டது, சம்பளத்தோடு விடுப்பு கிடைக்குமா?

கேள்வி:
மேலூர் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகை அடிக்கும் நேரத்தில் பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவள் பேசவில்லை, அவள் மாமாதான் போன் போட்டார். தூக்கம் இல்லை. மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதே நெஞ்சு படபடக்கிறது. கண்காணிப்பாளரிடம் கேட்டால், "இதுக்கெல்லாமா லீவு தம்பி?" என்கிறார். தற்செயல் விடுப்பெல்லாம் அக்கா வளைகாப்பு, அழகர் திருவிழா என்று தீர்ந்துவிட்டது. மன உளைச்சலுக்கென்று தனி விடுப்பு உண்டா?

பதில் 1:
தம்பி, அந்தப் பெயரில் விதியில் எதுவும் இல்லை. தகுதிகாண் பருவம் முடிந்தவர் என்றால் ஈட்டிய விடுப்பு (ஈ.எல்., வேலை செய்த காலத்துக்குச் சேரும் சம்பள விடுப்பு) இருக்குமே? ஜனவரியிலும் ஜூலையிலும் 15 நாள் வீதம் வரவு வைப்பார்கள். 'சொந்த அலுவல்' என்று எழுதுங்கள், போதும். பெண் வீட்டுக் கதையெல்லாம் விண்ணப்பத்தில் வேண்டாம்.

பதில் 2:
தூக்கம் போய்விட்டது என்கிறீர்கள், அதைச் சும்மா விடாதீங்க தம்பி. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்க. டாக்டர் ஓய்வு எழுதினால் மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பும் (ஈட்டிய விடுப்புக் கணக்கில் சேராத தனி விடுப்பு) கேட்கலாம்; திரும்பச் சேரும்போது உடற்தகுதிச் சான்று வேண்டும். ராத்திரி முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

கேட்டவர்:
நன்றிக்கா. மனநலப் பிரிவு முத்திரையைப் பார்த்தால் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடுமே?

பதில் 2:
தெரியும்தான், டீக்கடை வரைக்கும் போகும். அதற்காக டாக்டரைப் பார்க்காமல் இருக்காதீங்க. அண்ணன் சொன்ன மாதிரி ஈ.எல். போடுங்க, அதற்குச் சான்றே தேவையில்லை.