காய்கறிப் பங்குப் பண்ணைக்குப் பயிற்சி: எங்கே சறுக்குகிறது?

பாத்திக்காரர்:

சி.எஸ்.ஏ. என்பது பங்குப் பண்ணை: பட்டத்துக்கு (பயிர்ப் பருவத்துக்கு) முன்பே குடும்பங்கள் பணம் கட்டிப் பங்கு எடுத்து, வாராவாரம் ஒரு பை காய் வாங்கிக்கொள்ளும் முறை. இதைக் கற்றுக்கொள்ள நம்மிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. பரம்பரையாக வெள்ளாமை செய்கிறவர்கள் ஒன்று, வேலையை விட்டுவிட்டு நிலம் பிடித்தவர்கள் இன்னொன்று. இரண்டு பேரும் தடுக்குவது ஒரே இடத்தில். காய் விளைவிக்கத் தெரியும். வாராவாரம் ஏழு வகை காய் விளைவிக்கத் தெரியாது.

இதைப் பேசிப் புரியவைக்க முடியாது. தரையில் சுண்ணாம்பால் 24 வாரத்துக்கு 24 கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொடுங்கள். விதைக்கும் வாரத்தில் ஒரு கூழாங்கல், காய் வரும் வாரங்களில் புளியங்கொட்டை. வெண்டையும் முள்ளங்கியும் 45 நாள், அரைக்கீரை 25 முதல் 30, பாகல், புடலை, பீர்க்கன் 55 முதல் 65, கத்தரி நாற்று நட்டதிலிருந்து 60 முதல் 70. ஆடிப்பெருக்கன்று மொத்தத்தையும் விதைத்துவிடுகிற பழக்கம் கட்டத்தில் அப்படியே தெரியும். புரட்டாசியில் கொட்டை குவிந்துகிடக்கும், அதற்கு முன்னால் வெறும் கீரை, கார்த்திகையில் முக்கால்வாசிக் கட்டம் காலி. வாதம் பண்ணிக்கொண்டிருந்தவர்களே குனிந்து கொட்டையை நகர்த்த ஆரம்பிப்பார்கள். கீரை வாரம் ஒரு பாத்தி, முள்ளங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி, வெண்டை ஐந்து வாரத்துக்கு ஒரு விதைப்பு என்று அவர்களே வந்து நிற்பார்கள்.

அதன் பிறகுதான் அளவு. 30 குடும்பம், குடும்பத்துக்கு அரைக் கிலோ வெண்டை என்றால் வாரம் 15 கிலோ. நல்ல நிர்வாகத்தில் ஹெக்டேருக்கு 15 டன் என்று சொல்லப்படும் பயிர் இது. சென்ட்டுக்கு 60 கிலோ ஆகிறது. புதிதாக இயற்கை முறைக்கு வருகிறவர் அதில் பாதி போட்டுக்கொண்டால் ஏமாற மாட்டார். 30 கிலோ, பறிப்பு எட்டு ஒன்பது வாரம், ஆக வாரத்துக்குச் சென்ட்டுக்கு மூன்றரைக் கிலோ. 15 கிலோவுக்குச் சுமார் நாலரை சென்ட். காய்ப்புழு, மஞ்சள் நரம்பு நோய்க்கு என்று கூட்டி ஆறு சென்ட். விதை 200 கிராம் போதும். ஒவ்வொரு காய்க்கும் இந்தக் கணக்கை அவரவர் கையால் எழுதாமல் மதியச் சாப்பாட்டுக்கு யாரையும் விடாதீர்கள்.

பைக்காரம்மா:

ஐயா சொன்ன வெண்டைக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற காய். வாரம் ஒருமுறை பை கொடுத்தால், கடைசி இரண்டு பறிப்புதான் பைக்கு ஆகும். அதற்கு முந்தின பறிப்பு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது முனை ஒடியாது, நார் கட்டியிருக்கும். கொத்தவரைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 30 குடும்பத்தை 15, 15 ஆகப் பிரித்து செவ்வாய், சனி என்று கொடுத்தால் பறித்ததெல்லாம் போய்விடும், வண்டிச் செலவு கூடும். எது லாபம் என்பதைப் பயிற்சியிலேயே போட்டுப் பார்க்கட்டும்.

பை கட்டுவதை நிஜக் காயை வைத்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். பத்துத் துணிப்பை, ஒரு தராசு, 60 கிலோ காய். சும்மா விட்டால் ஒவ்வொருவரும் ஒரு பையை எடுத்து முழுசாக நிரப்பப் பார்ப்பார்கள். ஏழாவது பைக்கு வரும்போது தக்காளி தீர்ந்திருக்கும். பையை வரிசையாக வைத்து, ஒரு காயை எடுத்தால் பத்துப் பைக்கும் அதைப் போட்டு முடித்த பிறகே அடுத்த காய். அடியில் பரங்கிக் கீற்று, சேனை, வாழைக்காய். நடுவில் கத்தரி, முள்ளங்கி. தக்காளி மேலே. கீரை பைக்குள் போகவே கூடாது. வேர்ப்பக்கம் ஈரச்சாக்கில் சுற்றித் தனிக் கூடையில் நிறுத்தி, இறக்கும் இடத்தில் கையில் கொடுக்க வேண்டும். வெண்டையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டினால் வியர்த்து மறுநாளே வழவழக்கும். முள்ளங்கியின் தழையைக் கிள்ளிவிட்டுப் போடவும், இல்லையென்றால் கிழங்கின் ஈரத்தை அது இழுத்துச் சுருங்கவைக்கும்.

குடும்பத்துக்கு இரண்டு பை வேண்டும். ஒன்று போகும்போது ஒன்று திரும்பும். திரும்பாத பைக்கு 60 ரூபாய் என்று முதல் நாளே எழுதி ஒட்டாவிட்டால் பை திரும்பவே திரும்பாது.

கணக்குப்பிள்ளை:

விலை விஷயத்துக்கு வருவோம். உழவர் சந்தை 1999இல் வந்ததிலிருந்து, காலையில் சந்தை விலைப் பலகையைப் பார்த்து விலை சொல்வது நம் ஆட்களுக்குக் கையோடு வந்துவிட்டது. பங்குப் பண்ணையில் பலகையைப் பார்க்கவே கூடாது. பண்ணையின் செலவைப் பங்குகளால் வகுப்பதுதான் விலை. வகுப்பில் நான் போடச் சொல்வது இது: ஆறு மாதம், 24 வாரம், 40 பங்கு. இரண்டு ஆள், மாதம் 26 நாள், நாள்கூலி 500, 1,56,000. நடத்துகிற குடும்பத்தின் சம்பளம் மாதம் 20,000, 1,20,000. வண்டி 24 நடை, நடைக்கு 1,500, 36,000. விதை, இடுபொருள் 40,000. பை, காய்ப் பெட்டி 8,000. மோட்டார் கம்பிச்சுருள் கருகினால், மழை அடித்தால் என்று 40,000. மொத்தம் 4 லட்சம். பங்குக்கு 10,000, வாரத்துக்கு ஏறக்குறைய 417 ரூபாய், ஆறு கிலோ பையில் கிலோ 70க்குக் கொஞ்சம் குறைவு.

எல்லோரும் விடுகிற வரி குடும்பச் சம்பளம். "நம்ம தோட்டம்தானே" என்பார்கள். அதை எடுத்துவிட்டால் வாரத்துக்கு 292 ரூபாய், பங்கு சட்டென்று விற்கும், இரண்டு பட்டம் தாண்டாது. அந்த வரியை அடிக்கிறவரிடம் வீட்டம்மாவைக் கேட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ஜெர்மனியில் ஏலச்சுற்று என்று ஒரு முறை உண்டு. ஹாம்பர்க் அருகே 1988இல் தொடங்கிய புஷ்பெர்க்ஹோஃப் பண்ணை இதில் முன்னோடி. பட்ஜெட்டைக் கூட்டத்தில் வாசித்து, சராசரி 10,000 என்று சொல்லிவிடுவார்கள். அவரவர் தம்மால் முடிந்த தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். கூட்டல் 3,72,000 வந்தால் 28,000 குறைகிறது என்று அறிவித்து இரண்டாம் சுற்று. யார் எவ்வளவு என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. நம்மூரில் பேரம் பேசுவதே பழக்கம் என்பதால் முதல் ஆண்டே இது வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் பட்ஜெட்டை வரிவரியாக வாசிப்பதை மட்டும் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்.

வரப்போரம்:

எத்தனை குடும்பத்தோடு ஆரம்பிப்பது என்று, பயிற்சிக்கு வருகிறவர்களில் கேட்காதவர் கிடையாது. பன்னிரண்டு. ஒரு பட்டம் முழுக்க அவர்களோடு ஓட்டிவிட்டுத்தான் அடுத்தது. ஜப்பானில் விளைவிப்பவரும் உண்பவரும் நேரடியாகக் கைகோக்கும் தெய்கேய் இயக்கத்தார் 1978இல் வகுத்த பத்து நெறிகளிலேயே படிப்படியாகப் போ என்பது இருக்கிறது. விளைந்ததையெல்லாம் உறுப்பினர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்த நெறியில்தான் நம்மூரில் தகராறு. நாலு வாரம் தொடர்ந்து சுரைக்காய் போனால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று பயிற்சியில் நடித்தே காட்டச் சொல்லலாம். ஒருவர் உறுப்பினர், ஒருவர் பண்ணைக்காரர்: "போன வாரம் குடுத்ததே ஃபிரிட்ஜில இருக்குண்ணா!" இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வெளியே போனால் மூன்றாம் மாதம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பார். சேர்க்கும்போதே கையெழுத்து வாங்க வேண்டியது மூன்று: ஒன்று, பணம் பட்டத்துக்கு முன்னால், அல்லது இரண்டு தவணை; இரண்டு, மே மாதம் ஊருக்குப் போனால் பையைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிடலாம், பணம் திரும்பாது; மூன்று, ஒரு காய் பொய்த்தால் அதற்குப் பதில் பையில் என்ன போகும் என்கிற பட்டியல்.

சான்றிதழ் கேள்வியும் வரும். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்து இயற்கை விளைச்சல் என்று உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். முறையில், குழுவுக்குக் குறைந்தது ஐந்து விவசாயிகள் வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

பாத்திக்காரர்:

வெண்டை ஓட்டையை ஒப்புக்கொள்கிறேன் அம்மா, இனி கட்டத்தை வாரத்துக்கு இரண்டாகப் பிளந்தே போடச் சொல்கிறேன். வரப்போரம் கேட்ட "பொய்த்தால்" பட்டியலுக்கு: ஐப்பசி மழையில் அரைக்கீரை அழுகும், சிறுகீரை விதையே அடித்துக்கொண்டு போகும். பொன்னாங்கண்ணி, வல்லாரை, பசலைக்கொடி தாங்கும். இவற்றை ஆவணியிலேயே வாய்க்கால் ஓரம் ஊன்றிவிட வேண்டும். வைகாசிச் சூட்டில் தக்காளிப் பூ உதிரும், அப்போது பைக்குள் மாங்காயும் வெள்ளைப் பூசணியும். பொங்கல் வாரப் பைக்குச் சர்க்கரைவள்ளி வேண்டுமென்றால் கொடி புரட்டாசிக்குள் மண்ணில் இருக்க வேண்டும், மார்கழியில் நினைத்துப் பிரயோஜனமில்லை.