கலைச்சொல்: ‘பாடுபொருள் விலகல்’ சரிவருமா?

வணக்கம். ஒரு பாட்டின் வரிகள் பேசும் பொருள், அதே வகைப் பாட்டுகளின் வழக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அளக்கும் ஓர் அளவுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘பாடுபொருள் விலகல்’ என்பது என் பரிந்துரை; அதற்கு வந்த மறுமொழிகளுக்கு இங்கே பதில்.

> ‘வரித் தனித்தன்மை’ போதாதா? எல்லோருக்கும் புரியுமே.

புரியும். ஆனால் வேறொன்றாகப் புரியும், அதுதான் சிக்கல்.

நாம் பெயர் தேடுவது 2018இல் ஜோனா பெர்கரும் கிராண்ட் பேக்கர்டும் வெளியிட்ட ஆய்வில் வரும் ஓர் அளவுக்கு. ஆயிரக்கணக்கான பாடல்களின் வரிகளைக் கணினியிடம் கொடுத்து, காதல், குடும்பம், வன்முறை, ஆன்மிகம் என எந்தப் பாட்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு பாட்டையும் அதன் வகைமையின் (ராப், பாப் போன்ற இசைவகையின்) வழக்கமான கலவையோடு ஒப்பிட்டார்கள். அதைவிட்டுத் தள்ளி நின்ற பாட்டுகளே பொதுவாக அதிகம் பிரபலமாகியிருந்தன. அந்தத் ‘தள்ளி நிற்ற’லுக்குத்தான் சொல் வேண்டும்.

கடவுளைக் கூப்பிடும் வரிகள் ராப் பாட்டில் வந்தால் தள்ளி நிற்கும். பக்திப் பாட்டில் வந்தால் கூட்டத்தோடு கூட்டம். வரிகள் அதே வரிகள்தான், அளவு மட்டும் மாறிவிடுகிறது. ‘தனித்தன்மை’ என்றாலோ அது பாட்டுக்குள்ளேயே இருக்கும் குணம்போல ஆகிவிடும். போன மடலில் வந்த ‘புதுமை’யும் இதனால்தான் ஒத்துவராது. கடவுள் என்ன புதிதா?

‘விலகல்’ என்றதுமே ‘எதிலிருந்து?’ என்று கேட்கத் தோன்றும். கூடுதல், குறைவு என்று எண்ணிலும் சொல்லலாம். புள்ளியியலில் standard deviation என்பதற்கு இலங்கையில் ‘நியம விலகல்’ இருக்கிறது, தமிழ்நாட்டில் ‘திட்ட விலக்கம்’. விலக்கம் என்றால் எனக்கு ஊர்விலக்கம்தான் நினைவுக்கு வருகிறது, யாரோ பிடித்து வெளியே தள்ளியதுபோல. பாட்டு தானாகத்தானே விலகுகிறது?

> ‘திணைமயக்கம்’ என்றே வைத்துவிடலாமே, அழகாக இருக்கும்.

அழகுதான். நானும் ஒரு நாள் முழுக்க அதில் மயங்கிக் கிடந்தேன். திணைமயக்கம் என்றால் ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் கலந்து வருவது. ஆனால் தொல்காப்பியம் அப்படி மயங்கலாம் என்று விடுவது உரிப்பொருள் (புணர்தல், பிரிதல் என ஒரு திணைக்கே உரிய உணர்வு) அல்லாதவற்றை. இங்கே இடம் மாறுவது கிட்டத்தட்ட உரிப்பொருளேதான். நேர் எதிரான ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தால் இலக்கணம் படித்தவர்கள் சும்மா விடமாட்டார்கள். ‘கருப்பொருள்’ வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான். பத்திரிகையில் அது எப்படிப் புழங்கினாலும், இலக்கணத்தில் அது தெய்வம், உணவு, மரம், பறை.

அப்புறம், ‘பாடல் விலகல்’ என்று சுருக்கலாம் என்றார் ஒரு நண்பர். கூடாது. பிரபலத்தோடு தொடர்பு தெரிந்தது வரிகளின் பாடுபொருளில்தான், அவற்றின் மொழிநடையில் இல்லை. நடனப் பாட்டு, பாப் வகைகளில் அந்தத் தொடர்பும் வலுக்குறைவு. அதனால் எது விலகுகிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘வெற்றி’ என்ற ஒட்டும் வேண்டாம். பிரபலத்தைத் தனியாக அளந்து பிறகுதான் இதோடு ஒப்பிடுகிறார்கள்; அதைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டால் ஒப்பிட என்ன மிஞ்சும்?

இன்னும் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. இதன் பெயரடை வடிவம். ‘விலகிய பாடல்’ என்றால் படத்திலிருந்து வெட்டிய பாட்டு மாதிரி இருக்கிறது. ‘விலகல் மிகுந்த பாடல்’ நீளம். யாருக்காவது இதைவிடச் சின்னதாக ஏதும் தோன்றுகிறதா?