நான் வாங்காத கடன் சிபிலில் நிற்கிறது, அவசரம்!

ஓவர்லாக்_ஈரோடு: வணக்கம். வீட்டுக்கடன் கேட்டுப் போனேன். நான் வாசலைக்கூட மிதிக்காத ஒரு வங்கியில் என் பெயரில் கடன் இருப்பதாக சிபில் கடன் பதிவேடு காட்டுகிறதாம், போன மாதத் தவணை பாக்கி வேறு. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்களாம். என்ன செய்வது?

மீன்கொத்தி: உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள். யாரோ உங்கள் பான் கார்டை வைத்து விளையாடியிருக்கிறார்கள். என் மச்சானுக்கும் இதேதான் நடந்தது.

கணக்குப்பிள்ளை: எவ்வளவு தொகை, எந்தத் தேதி? வேறு கடன் ஓடுகிறதா?

ஓவர்லாக்_ஈரோடு: 4 லட்சம், 2024 ஆகஸ்ட். தையல் மெஷின் வாங்க அதே மாதம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 5 லட்சம் எடுத்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தவணை ஒழுங்காகப் போகிறது.

மேலாளர்_ஓய்வு: சம்பந்தம் இல்லை என்று நீங்களே தீர்ப்பு சொல்லிவிட்டு எங்களிடம் எதற்குக் கேட்கிறீர்கள்? ஃபைனான்ஸ் கம்பெனி பெயரில் சிபிலில் எவ்வளவு காட்டுகிறது, அதைப் பாருங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுவது, பிறகு குய்யோ முறையோ என்பது. 31 வருஷமாக இதே கூத்துதான்.

ஓவர்லாக்_ஈரோடு: 1 லட்சம்தான் காட்டுகிறது சார். ஏதோ தப்பாகப் பதிந்துவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை: நாலும் ஒன்றும் ஐந்து, தம்பி. இது கோ-லெண்டிங், கூட்டுக்கடன். ஃபைனான்ஸ் கம்பெனி ஆளைப் பிடித்துக் கடன் கொடுக்கும். அதில் 80 சதவீதம் வரை வங்கி எடுத்துக்கொள்ளும். கம்பெனி குறைந்தது 20 சதவீதத்தைத் தன் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2020 நவம்பர் விதி. அவரவர் பங்கை அவரவர் சிபிலுக்குச் சொல்வதால் ஒரே கடன் இரண்டு வரியாக நிற்கிறது. அக்ரிமெண்டில் வங்கியின் பெயர் இருக்கும், தேடிப் பாருங்கள். தவணை எந்தத் தேதியில் பிடிக்கிறார்கள்?

சேலம்_நூல்: 20 இல்லை, 10 சதவீதம்.

கணக்குப்பிள்ளை: அது 2025 ஆகஸ்டில் வந்த புது விதி, 2026 ஜனவரி 1 முதல். இவர் கடன் 2024.

சேலம்_நூல்: எதுவானாலும் லாபம் அவர்களுக்குத்தான். வங்கிப் பணம் மலிவு என்று சொல்லிச் சொல்லியே நம்மிடம் கம்பெனி வட்டி வாங்குகிறார்கள்.

மேலாளர்_ஓய்வு: கணக்குப் போடத் தெரிந்தால் போட்டுப் பாரும். வங்கி 10 சதவீதம், கம்பெனி 18 என்றால், 80க்கு 20 வீதத்தில் கலந்தால் 11.6 வருகிறது. புது விதியில் இந்தக் கலப்பு வட்டிதான் வாடிக்கையாளருக்கு.

சேலம்_நூல்: அதற்கு மேல் ஃபீஸ் போட மாட்டார்களா? எனக்கு ப்ராசசிங் ஃபீஸ் மட்டும் 2 சதவீதம் பிடித்தார்கள் சார். காகிதத்தில் 11.6, கையில் வேறு.

மேலாளர்_ஓய்வு: உமக்குப் பாடம் நடத்த எனக்கு நேரமில்லை.

மீன்கொத்தி: எதற்கும் 1930இல் ஒரு புகார் போட்டு வைப்பது நல்லது.

கணக்குப்பிள்ளை: ஐயா, வேண்டாம். தம்பி, தேதியைச் சொல்லவே இல்லையே?

ஓவர்லாக்_ஈரோடு: 28ஆம் தேதி.

கணக்குப்பிள்ளை: அங்கேதான் இடிக்கிறது என்று நினைக்கிறேன். தவணை முதலில் எஸ்க்ரோ என்ற பொது இடைக்கணக்குக்குப் போய், அங்கிருந்து வங்கியின் பங்கு பிரியும். நடுவில் சனி ஞாயிறு வந்து, மாதக் கடைசிக்குள் வங்கியில் வரவு விழாவிட்டால் பாக்கி என்று போயிருக்கும். கம்பெனியிடம் கடன் ஸ்டேட்மெண்டும், இது ஒரே கூட்டுக்கடன் என்று ஒரு கடிதமும் கேளுங்கள். நீங்கள் பேச வேண்டியது அவர்களிடம்தான். சிபிலிலும் திருத்தம் கேட்டுப் பதியுங்கள். 30 நாளில் முடிக்காவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு உண்டு. கம்பெனி 30 நாள் மௌனம் சாதித்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

சேலம்_நூல்: வெள்ளிக்கிழமை என்கிறார், நீங்கள் 30 நாள் கணக்குச் சொல்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை: அதற்குத்தான் கடிதம். அதையும் 28ஆம் தேதி பணம் போன பாஸ்புக் பக்கத்தையும் வீட்டுக்கடன் மேனேஜரிடம் காட்டட்டும்.

ஓவர்லாக்_ஈரோடு: கடிதம் கிடைத்தது, மேனேஜர் ஒரு வாரம் டைம் கொடுத்தார். அக்ரிமெண்டில் 14ஆம் பக்கத்தில் வங்கிப் பெயர் இருக்கிறது, என் கையெழுத்தும்தான். நன்றி அண்ணா.

மீன்கொத்தி: 1930?