ஈட்டுநீரா, ஈடுநீரா? சரளைக் குழிக்கு ஒரு சொல்

வணக்கம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநில நீர்ச் சட்டம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஆக்மென்டேஷன் பிளான்’ என்ற இடத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன். ‘பெருக்கத் திட்டம்’ என்று போடலாம்தான். ஆனால் இங்கே எதுவும் பெருகவில்லை. போன தண்ணீரைத் திருப்பி வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

விஷயம் இது. டென்வருக்கு வடக்கே சவுத் பிளாட் ஆற்றோரம் சரளை எடுக்கிறார்கள். ஆற்றுப் படுகை என்பதால் கொஞ்சம் தோண்டியதுமே ஊற்று பிடித்துக்கொள்ளும். சரளை போனபின் மிஞ்சுவது குளம். மழையைக் கணக்கில் எடுக்காமல் சொன்னால், அது ஆண்டுக்கு மூன்றடிக்கு மேல் ஆவியாகிறது. பத்து ஏக்கர் குளமென்றால் முப்பது ஏக்கர்-அடிக்கு மேல். ஓர் ஏக்கர்-அடி சுமார் 12.3 லட்சம் லிட்டர். லாரியில் ஈரத்தோடு ஏறும் சரளையில் ஒட்டிப் போகும் நீரையும் விடுவதில்லை, வழக்கமாக எடையில் 4 விழுக்காடு என்று எழுதிக்கொள்கிறார்கள்.

அந்த நிலத்தடி நீர் ஆற்றோடு சேர்ந்தது. அங்கே முந்தி எடுத்தவருக்கே முதல் உரிமை. ஆகவே கீழே இருக்கும் மூத்த உரிமைக்காரருக்குக் குறையாமல் குழிக்காரர் ஈடுகட்ட வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி வைத்தது. (1980 முடிவதற்குள் நீர் தெரிந்துவிட்ட குழிகளுக்கு ஆவிக்கணக்கில் விலக்கு உண்டு.) பல இடங்களில் நடப்பது, விவசாயியிடமிருந்து வாய்க்கால் கம்பெனியின் பங்கை வாங்கி, அந்தப் பாசன நீரை ஈடாகக் காட்டுவது.

‘ஈட்டுநீர்த் திட்டம்’ என்று வைக்கலாமா?

—

> ஈட்டுநீர்த் திட்டம்

ஐயா, ‘ஈட்டிய விடுப்பு’ எழுதிக்கொடுத்துப் பழகிய கண்ணுக்கு இது சம்பாதித்த நீராகத் தெரிகிறது! வீட்டுவரி, மாட்டுவண்டி போல டகரத்தை இரட்டித்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ‘ஈடாகிய நீர்’ என்றுதானே விரிகிறது? அப்படியானால் ‘ஈடுநீர்’ போதும். ‘ஈடுகட்டு’ என்ற வழக்கும் காதில் கேட்கும்.

எனக்கு உறுத்துவது வேறு.

> அந்தப் பாசன நீரை ஈடாகக் காட்டுவது

இது தப்பான படம் தருகிறது. நான் பாசனப் பொறியியல் பக்கத்து ஆள் என்பதால் சொல்கிறேன். வாய்க்காலில் 100 அளவு நீர் எடுத்து, பயிர் அதில் 50 குடித்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 50 மண்ணில் ஊறி, மெல்ல நகர்ந்து, சில சமயம் மாதக்கணக்கில் கழித்து ஆற்றுக்கே போய்விடும். அதை நம்பி இன்னொருவர் கீழே வாய்க்கால் வெட்டியிருப்பார். அதனால் ஈடாகக் காட்ட முடிவது பயிர் குடித்த 50 மட்டுமே. மற்ற 50, வயல் இருந்த காலத்தில் எப்படி ஆற்றில் சேர்ந்ததோ அப்படியே சேர வேண்டும். நீர் நீதிமன்றத்தில் வழக்கே பெரும்பாலும் இந்தப் பிரிப்பைப் பற்றித்தான். அவர்கள் ‘கன்சம்ப்டிவ் யூஸ்’ என்பார்கள். ‘நுகர்வுப் பயன்பாடு’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், கடையில் சோப்பு வாங்குவது போல இருக்கும்.

—

ஈடுநீர், ஒத்துக்கொண்டேன். நுகர்வுப் பயன்பாடு என்றுதான் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.

நீங்களே உங்கள் மடலில் ‘பயிர் குடித்த’ என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? எங்கள் ஊரிலும் ‘பயிர் குடிச்சது போக வடிஞ்சது’ என்பார்கள். கட்டுரைக்குக் கொஞ்சம் இறுக்கி ‘பயிருண்ட நீர்’, மற்றது ‘வடிநீர்’. ‘உண்நீர்’ என்று சுருக்கினால் குடிநீராகிவிடும், வேண்டாம். வாக்கியம் இப்போது இப்படி: “பயிருண்ட நீரின் அளவுக்கு மட்டுமே ஈடுநீர் கொள்ளலாம், வடிநீரை ஆற்றுக்கு விட்டாக வேண்டும்.”

அப்புறம் குழியைச் சுற்றி அடிப்பாறை வரை பெண்டோனைட் களிமண் சுவர் இறக்கி, நிலத்தடி நீர் உள்ளே வராமல் அடைப்பதும் உண்டு. அந்தக் குழியைத் தண்ணீர் தேக்கவும் பயன்படுத்துகிறார்கள். அதற்குச் ‘சுவரடைத்த குழி’ என்று போட்டேன், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

சிக்கல் பங்கை விற்ற வயலில்தான். அதற்கு இனி பாய்ச்சக் கூடாது. ‘தரிசு’ என்றால் ஒன்றுமே விளையாத நிலம் போலாகிறது. மழையை நம்பிக் கோதுமை போடலாமே. ‘மானாவாரி’ என்றால் அது முன்பு வாய்க்கால் பாய்ந்த நிலம் என்பது போய்விடுகிறது. தற்காலிகமாக ‘நீர் பிரித்த நிலம்’ என்று வைத்திருக்கிறேன். ஞாயிறு வரை நேரமிருக்கிறது, வேறு தோன்றினால் எழுதுங்கள்.